வருகிறோம் என்ற நாற்பது பேர்

விருந்துக்கு வந்து குதிரைக் கறியை மூக்குமுட்டத் தின்றுவிட்டு, மிச்சத்தையும் பையில் கட்டிக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விருந்து வைத்தவனே "அழைப்பிதழ் எனக்கு வந்து சேரவில்லை" என்று வங்கியில் புகார் கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். செப்டம்பர் கடைசி. பிஷ்கெக்கில், மருந்துக்கடைக்கு மேலே எங்கள் அறை. என் கூட்டாளி சைகல் கணினியைப் பார்த்தபடியே டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இன்னொண்ணு வந்திருக்கு."

"ஆர்டரா?"

"ஆர்டரா இருந்தா நான் ஏன் இப்படி மூஞ்சிய வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்? காசத் திருப்பிக் கேட்டிருக்கான். சிகாகோ லாரிக்காரன் ஷெர்காஸி. காரா-பால்டாவுல புள்ளைக்குக் கால் கயிறு வெட்டுற விருந்து வெச்சானே, அவன்."

"அவனா? நல்லா கொழுத்த விருந்தாச்சே அது!"

"கொழுத்ததுதான். அறுபது டாலர் மட்டும் அவனுக்கு மெலிஞ்சு போச்சாம்."

நடை பழகும் பிள்ளையின் கால்களைக் கயிற்றால் கட்டி, ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவன் அதை வெட்டிவிட்டால் பிள்ளை தடுக்காமல் நடக்கும் என்பது எங்கள் வழக்கம்; அதற்குத்தான் அந்த விருந்து. நாங்கள் இருவரும் விற்பது காகிதம் இல்லாத அழைப்பிதழ். சைகல் வரைவாள்; நான் ஆள் பிடிப்பேன், காசு வாங்குவேன், சண்டை போடுவேன். வாடிக்கையாளருக்கு ஒரு லிங்க் அனுப்புவோம். திறந்தால் பாட்டு வரும், குழந்தையோ மணமக்களோ சிரிப்பார்கள், மண்டபத்துக்கு வழி தெரியும். கீழே மூன்று பொத்தான்கள்: வருகிறேன், துணையோடு வருகிறேன், வர முடியவில்லை. மூன்றாவது பொத்தானை இந்த நான்கு வருஷத்தில் மொத்தம் பதினோரு பேர் அழுத்தியிருக்கிறார்கள். அதில் எட்டுப் பேர் கை தவறி அழுத்திவிட்டோம் என்று போன் போட்டு அழாத குறையாகக் கெஞ்சினார்கள். எங்கள் ஜனங்களுக்கு விருந்துக்குப் போகாமல் இருக்கத் தெரியும், வரமாட்டேன் என்று சொல்ல மட்டும் வாய் வராது. காய்ச்சலில் கிடப்பவனும் வருகிறேன் என்பான். வேறு ஊரில் வேறு விருந்தில் உட்கார்ந்திருப்பவன்கூட, வாயில் கறியை வைத்துக்கொண்டே வருகிறேன் என்பான்.

பொத்தான்களுக்கு மேலே ஓர் எண்ணிக்கை ஓடும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று; தொட்டால் அவர்கள் பெயர் வரிசையாக வரும். அது பூஜ்யத்தில் நின்றால் ஒருவனும் முதலில் அழுத்தமாட்டான். காலியான விரிப்பில் முதல் ஆளாகப் போய் உட்காருவது கௌரவக் குறைச்சல். அதனால் தொழில் தொடங்கிய வாரமே ஒரு வேலை செய்தேன். என் சொந்தக்காரர்கள் நாற்பது பேரின் பெயரை எழுதி, ஒவ்வோர் அழைப்பிதழிலும் தானாகவே வருகிறேன் என்று விழும்படி வைத்துவிட்டேன். நாற்பது எங்களுக்கு ராசியான எண். இதை வாடிக்கையாளர் யாருக்கும் சொன்னதில்லை, சொல்லவும் தேவையில்லை. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

இனி கார்டுப் புகார். அது என்னவென்றால், கார்டில் காசு கட்டியவன் தன் வங்கிக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், வங்கி முதலில் எங்கள் கணக்கிலிருந்து காசைப் பிடுங்கிவிடும். நியாயத்தை அப்புறம் கேட்கும். கூடவே இருபது டாலர் தண்டம். சட்டை விற்றிருந்தால் சட்டையைத் திருப்பிக் கொடு என்று கேட்கலாம். தீர்ந்துபோன விருந்தின் அழைப்பிதழை எப்படித் திருப்பி வாங்குவது? சூப்பில் போட்ட உப்பைத் திருப்பிக் கேட்பதும் இதுவும் ஒன்று. அந்த வருஷம் இரண்டில் ஏற்கெனவே தோற்றிருந்தோம். சியோலில் வேலை பார்க்கும் ஒரு கனவான், கார்டு திருட்டுப் போய்விட்டது என்றார். திருடன் அவர் பெண்டாட்டியின் பிறந்த நாளுக்கா அழைப்பிதழ் வாங்குவான்? இஸ்தான்புல் மாப்பிள்ளை ஒருவன் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, பெண்ணின் மூக்கு படத்தில் பெரிதாக இருக்கிறது என்றான். மூக்கு அப்படித்தான் இருந்தது, நானே நேரில் பார்த்தேன். இரண்டிலும் வங்கி அவர்கள் பக்கம் சாய்ந்தது.

ஒரே வருஷத்தில் மூன்றில் தோற்றால், எங்களுக்குக் காசு வாங்கித் தரும் கம்பெனி கணக்கை மூடிவிடும். விதி அப்படி. எங்கள் ஆர்டர் பத்தில் ஒன்பது வெளிநாட்டுக்குப் போன நம் ஆட்களிடமிருந்துதான் வருகிறது. எங்கள் நாட்டு விற்பனைக்காரர்களைச் சேர்த்துக்கொள்கிற வேறு கம்பெனியைத் தேடிச் சலித்துவிட்டேன். கணக்கு மூடினால் என் இரண்டு பிள்ளைகளும் சைகலின் மூன்று வயதுப் பெண்ணும் காற்றைத்தான் தின்ன வேண்டும். அறுபது டாலர் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த லாரிக்காரன் எங்கள் கழுத்தில் கை வைத்திருந்தான்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம் தடவ திறந்திருக்காங்க அந்த அழைப்பிதழ. அதை அனுப்பலாமா?" என்றாள் சைகல்.

"சியோல்காரனுக்கு முப்பது பக்கம் அனுப்பினோமே, என்ன பதில் வந்துச்சு? ரெண்டு வரி. திறந்தது அவன்தான்னு எப்படித் தெரியும்னு கேட்டானுங்க. கழுதை திறந்திருக்குமா?"

"அப்போ?"

"அவன் வாயாலயே சொல்லணும், வந்துச்சுன்னு."

"திருடன் வாயால திருடினேன்னு சொல்லுவானாக்கா?"

"நம்மூரு லாரிக்காரன் சொல்லுவான். நலம் விசாரிச்சாப் போதும், ஊர்க்கதையெல்லாம் கொட்டிருவான்."

தேனைத் தடவி ஒரு செய்தி எழுதினேன்: "ஷெர்காஸி அண்ணே, நல்லா இருக்கீங்களா, குட்டிப்பையன் ஓட ஆரம்பிச்சுட்டானா? எங்க அழைப்பிதழ் உங்களுக்கு லேட்டா வந்துச்சோ? போட்டோ சரியா தெரியலையோ? எங்க பக்கம் என்ன தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவோம்." புகாரைப் பற்றி ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. அனுப்பிவிட்டு இரண்டாவது கிண்ணம் டீ ஊற்றிக்கொண்டேன்.

சிகாகோவில் லாரி ஓட்டும் நம் ஆட்கள் யாரும் எழுதமாட்டார்கள். கை ஸ்டீயரிங்கில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். மறுநாள் காலை குரல் பதிவு வந்திருந்தது. ஆறு நிமிஷம் நாற்பது நொடி. பின்னால் எஞ்சின் உறுமியது, வழி சொல்லும் இயந்திரப் பெண் நடுநடுவே இங்கிலீஷில் குறுக்கிட்டாள்.

"தங்கச்சி, அழைப்பிதழ் வந்துச்சும்மா. ஜூலை இருபதாம் தேதியே வந்துச்சு. லேட்டெல்லாம் இல்ல. நானேதான் ஊர் பூரா அனுப்பினேன். போட்டோ குத்தம் சொல்ல முடியாது, எங்கம்மா பாத்துட்டு அழுதுருச்சு. ஆனா..."

ஆனாவில் நிறுத்தினேன்.

"போதும். மாட்டிக்கிட்டான்."

"மிச்சத்தக் கேக்க வேணாமாக்கா?"

"மிச்சத்த அவன் பொண்டாட்டி கேக்கட்டும். நமக்கு வேலை இருக்கு."

அந்தப் பத்துப் பன்னிரண்டு நொடியை வெட்டி எடுத்தேன். சொல்லுக்குச் சொல் எழுதி, இங்கிலீஷில் மொழிபெயர்த்து, தேதியையும் அவன் போன் நம்பரையும் சேர்த்துக் கம்பெனியின் புகார்ப் பக்கத்தில் ஏற்றினேன். அவனுடைய அம்மா அழுததையும் விடவில்லை. வங்கிக்காரர்கள் அழுகையை நம்புவார்கள் என்று ஒரு நினைப்பு.

இருபத்து நான்கு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம். அறுபது டாலரும் தண்டமும் திரும்பிவிட்டன, கணக்கு பிழைத்துவிட்டது. சைகல் நாற்காலியிலேயே சுற்றிச் சுற்றி ஆடினாள். நான் கீழே ஓடிப்போய், தந்தூர் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த சம்சா ஆறு வாங்கி வந்தேன். ஒரு பெரிய மனுஷனை, அதுவும் ஊருக்கே குதிரை வெட்டிப் போட்டவனை, அவன் வாயாலேயே கவிழ்த்த சந்தோஷம் எனக்கு. மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அவ்வளவு குளுகுளு என்று இருந்தது.

"அக்கா, இப்பவாவது மிச்சத்தப் போடு. கறியோட சேத்துக் கேப்போம்."

போட்டேன்.

"...ஆனா அந்த எண்ணிக்கை இருக்கே தங்கச்சி, அதுதான் என்னை நடுத்தெருவுல நிறுத்திருச்சு. நானூத்திப் பன்னெண்டு பேரு வரேன்னாங்க. நானூறு பேரு உக்கார்ற ஹாலப் புடிச்சேன். ஒரு குதிரை, ஆறு ஆடு. வந்தது நூத்தி எழுபத்தி ஒண்ணு! பாதி மேசைக்கு ஆளே இல்ல. பாட்டுக்காரன் காலி நாற்காலியப் பாத்துப் பாடிக்கிட்டு இருந்தான். எங்க மாமனார் வீட்டுக்காரங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க..."

நாங்களும் வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தோம்.

"ஆறு வருஷம் அமெரிக்காவுல இருந்து ஆளுக்கு மூளை குழம்பிப்போச்சு," என்றேன். "வரேன்னு சொன்னா வருவாங்கன்னு நம்பியிருக்கான் பாரு!"

"அங்கெல்லாம் சொன்னா வருவாங்களாம்கா."

"அப்போ அங்கயே குதிரைய வெட்டியிருக்கலாம்ல?"

குரல் தொடர்ந்தது. "...பேங்கு ஆப்புல கட்டம் கட்டமா கேக்குறான், என்ன குறைன்னு. விருந்துக்கு ஆள் வரலைன்னு ஒரு கட்டமும் இல்ல. வந்து சேரலைன்னு ஒண்ணு இருந்துச்சு. அதை அழுத்திட்டேன். பொய்தான். எனக்குத் தெரியும். கோவம்மா. காசு எனக்கு ஒண்ணுமில்ல, ஒரு நாள் டீசலுக்குக் காணாது. யாரு மேலயாவது காட்டணும்ல? சொந்தக்காரன்கிட்ட ஏன்டா வரலைன்னு கேக்க முடியுமா, நீயே சொல்லு..."

சைகல் சம்சாவை ஊதிக்கொண்டே, "பாவம்கா," என்றாள். பாவமாவது கீவமாவது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சின் சத்தம் அடங்கியது. வண்டியை எங்கோ ஓரம் கட்டியிருக்க வேண்டும்.

"...சரி, நானூறு பேரு நாசமாப் போகட்டும். எனக்கு ஒரே ஒரு பேருதான். தொக்தோசுன்னு ஒரு பெரியவரு. தோ-அஷூ கணவாயில பனி தள்ளுற வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தவரு. பன்னெண்டு வருஷம் முன்னாடி பனிச்சரிவுல என் வண்டி புதைஞ்சு கெடந்தப்போ, மத்தவன்லாம் விடிஞ்சு பாக்கலாம்னு போயிட்டான். அவரு மட்டும் மண்வெட்டி எடுத்துக்கிட்டு எறங்கினாரு. என் அழைப்பிதழத் தொறந்து பாக்குறேன், வரிசையில அவரு பேரு, அவரு அப்பா பேரோட. வருகிறேன்னு போட்டிருக்கு. எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஊர்ல கேட்டா, மகளோட பிஷ்கெக் போயிட்டாருன்னாங்க. நம்பர் மாறிப்போச்சு. யாரோ சொல்லி, லிங்க் கைக்குக் கெடச்சு, வரேன்னு போட்டிருக்காரேன்னு நெனச்சேன். மேல் எடத்துல அவருக்கு எடம் போட்டேன். மூத்தவருக்குன்னு எடுத்து வெக்கிற ஜம்பாஷ் எலும்ப வேற யாருக்கும் குடுக்காம வெச்சேன். புள்ளையோட கயித்த ஓட்டத்துல ஜெயிச்சவன் வெட்ட வேணாம், அவருதான் வெட்டணும்னு சொல்லிட்டேன். ஒரு மணி நேரம் எல்லாரையும் காக்க வெச்சேன் தங்கச்சி. புள்ளை தூங்கிருச்சு. தூங்குற புள்ளை கால்லதான் கடைசியில கயித்த வெட்டினோம். உங்ககிட்ட அவரு நம்பர் இருக்குமே, வரேன்னு அழுத்தினாருல்ல? அதை மட்டும் குடுத்துரும்மா. ஏன் வரலைன்னு கேக்கமாட்டேன். உடம்பு கிடம்பு சரியில்லையோன்னுதான்..."

சைகல் பதிவை நிறுத்தினாள். என்னைப் பார்க்காமல் சம்சாக் காகிதத்தை மடித்தாள்.

தொக்தோசுன் என் அப்பா. இறந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது, பிப்ரவரியில்.

நாற்பது பேர் பட்டியலை நான் எழுதிக்கொண்டிருந்தபோது என் பின்னால் நின்று பார்த்தவர் அவர். முப்பத்தொன்பதில் பெயர் தீர்ந்து நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "கறி உண்டுன்னா என் பேரையும் போட்டுக்கோ, நான் எங்க வேணா வருவேன்," என்றார். போட்டேன். அவரைப் புதைத்துவிட்டு வந்த வாரத்திலும் மூன்று ஆர்டர் அனுப்பினேன். அந்தப் பட்டியலை அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. அது பாட்டுக்குத் தானே ஓடியது. அடுத்தவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராததை நான்கு வருஷமாகக் கேலி பேசிக்கொண்டிருந்தேன். ஷெர்காஸிக்கு வராத இருநூற்று நாற்பத்தொரு பேரில் நாற்பது பேரை நான் அனுப்பியிருந்தேன். அதில் ஒருவர் என் அப்பா.

"விட்டுரலாம்கா," என்றாள் சைகல். "ஜெயிச்சாச்சு. நம்பர் இல்லைன்னு சொல்லிரலாம்."

ஒரு மாதமாக அந்த ஆள் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறான். நான் போன் போட்டேன். நான் யாருடைய மகள் என்று சொன்னேன். அப்பா இல்லை என்று சொன்னேன். அவர் முணுமுணுப்பாகப் பிரார்த்தனை சொன்னார். முடித்துவிட்டு, "அவரு மேல கெடக்குற மண்ணு பட்டு மாதிரி மெத்துன்னு இருக்கட்டும்," என்றார். பிரார்த்தனை முடிந்ததற்கு நானும் இரு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டேன்.

"எனக்கு ஒருத்தனும் சொல்லலையேம்மா."

"அவரு பிஷ்கெக்லதான் தவறினாரு அண்ணே. பழைய ஆளுங்க பாதிப் பேரு வெளிநாட்டுல..."

"சரி. அப்போ வரேன்னு அழுத்தினது யாரு?"

இந்தக் கேள்விக்கு முன்னால் எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். சிஸ்டம் கோளாறு என்று ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். அது வாய் வரைக்கும் வந்தது.

"நான்தான் அண்ணே. எண்ணிக்கை காலியா இருந்தா நல்லா இருக்காதுன்னு எங்க ஆளுங்க பேரப் போட்டு வெச்சேன். நாப்பது பேரு. அப்பா பேர எடுக்க மறந்துட்டேன்."

"எல்லா விருந்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"அவரு போனதுக்கு அப்புறம் எத்தனை விருந்துக்கு வரேன்னு சொல்லியிருக்காரு?"

சைகல் திரையில் தட்டிப் பார்த்து எனக்குக் காட்டினாள். நான் வாசித்தேன்: "அறுநூத்திப் பதினாலு."

எனக்கு வேண்டியது திட்டு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி நிம்மதியாகியிருப்பேன். அந்த ஆள் திட்டவில்லை.

"காச உங்களுக்கே அனுப்பிடறேன் அண்ணே," என்றேன்.

"அந்தக் காசுல மாவும் எண்ணெயும் வாங்கு. வெள்ளிக்கிழமை அவரு பேரச் சொல்லி போர்சோக் பொரி. எண்ணெய் வாசனையாவது அவருக்குப் போய்ச் சேரட்டும். கடைசியா எப்போ பொரிச்ச?"

ஞாபகம் இல்லை. எண்ணெய் என்ன விலை விற்கிறது என்று ஏதோ உளறினேன். அவர் புரிந்துகொண்டு போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கே பட்டியலை முழுசாக எடுத்துவிடச் சொன்னேன். சைகல் எடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் எண்ணெய் காய வைத்து, கிலோக்கணக்கில் போர்சோக் பொரித்து, அப்பா பேரைச் சொல்லி அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். பிள்ளைகள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். மிச்சத்தைப் பாத்திரத்தில் போட்டு அறைக்குக் கொண்டுவந்தேன்.

பத்து மணிக்குத் தலாஸிலிருந்து ஒரு பெண் போன் போட்டாள். அவளுடைய தம்பி கல்யாண அழைப்பிதழை முந்தின நாள்தான் அவளுக்கு அனுப்பியிருந்தோம்.

"என்னங்க இது, பூஜ்யம்னு நிக்குது? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு நாதியும் இல்லைன்னு ஊருக்கே தண்டோரா போடுறீங்களா?"

"இப்பத்தானே அனுப்பியிருக்கீங்க. ஆளுங்க அழுத்துவாங்க."

"யாரு அழுத்துவா முதல்ல? சம்பந்தி வீட்டுக்காரங்க பாத்துட்டுப் பல்லக் காட்டுறாங்க. எங்க அண்ணி வேற எடத்துல வாங்கினா, திறந்த உடனே அம்பது பேரு. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணலைன்னா கார்டுல கட்டின காசத் திருப்பிக் கேட்டுருவேன், சொல்லிட்டேன்."

அவள் வைத்துவிட்டாள். சைகல் என் முகத்தையே பார்த்தாள். பாத்திரத்திலிருந்து ஒரு போர்சோக் எடுத்துக் கடித்தேன். இன்னும் சூடு ஆறவில்லை.

"பழைய பட்டியல் எங்கயாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"அழிக்கல. ஒதுக்கித்தான் வெச்சேன்."

எனக்குத் தெரியும் அவள் அழித்திருக்கமாட்டாள் என்று. திறந்தேன். விரலெல்லாம் எண்ணெயாக இருந்ததால் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். கடைசி வரியில் அப்பா இருந்தார், வருகிறேன் என்று. அந்த ஒரு வரியை மட்டும் அழித்தேன். மற்றதையெல்லாம் தலாஸ் கல்யாணத்துக்கு அனுப்பினேன்.

எண்ணிக்கை முப்பத்தொன்பதில் தொடங்கியது.